கொடுங்கையூர்க்காரர்களின் பனி

காலையில் பனிமிதியடி கட்டும்போது கோமளா யாரையாவது திட்டியே ஆகவேண்டும். இன்றைக்கு மாட்டியது அதன் வார். “செருப்பா இது? முறத்தைக் காலில கட்டிக்கிட்டு நடக்கச் சொல்றானுங்க,” என்றாள். அவளுடைய தம்பி மனைவி நித்திலா சிரித்துக்கொண்டே குனிந்து கொக்கியை மாட்டிவிட்டாள். கொடுங்கையூரில் பிறந்து வளர்ந்த இரண்டு பெண்களும் தேவதாரு மரங்களுக்கு நடுவே, தங்கள் தெருவுக்கென ஒதுக்கிய பனித்துண்டை மிதிக்கக் கிளம்பினார்கள்.

இமயமலையின் இந்தத் தேசியப் பூங்காவில் குளிர்காலம் முழுக்க இப்படித்தான். ஒரு தெருவுக்கு ஒரு துண்டு. மிதிக்காத பனி பங்குனி வெயிலிலேயே உருகி ஓடிவிடும். மிதித்து இறுக்கிய பனி ஆனி வரை தாக்குப்பிடிக்கும். அது ஆறாகி, கால்வாயாகி, சென்னைக்கு வந்து சேரும். எந்தத் தெரு எவ்வளவு மிதித்ததோ அவ்வளவுதான் அதன் நீர்ப்பங்கு. எந்திரம் விட்டால் மரங்களின் வேர் நசுங்கிவிடுமாம், அதனால் மனிதக் காலுக்கு மட்டுமே அனுமதி. இடுப்பில் கட்டிய சுவடுமானி என்ற சென்சார் ஒவ்வொரு அடியையும் பதிந்துகொண்டே வரும். அதை ஏமாற்ற முயன்றவர்கள் நிறையப் பேர், ஒருத்தரும் ஜெயித்ததில்லை.

போன வருஷம் இவர்கள் தெரு மேல்சரிவை அரைகுறையாக விட்டுவிட்டது. வைகாசியிலேயே குழாய் வறண்டது. பங்கு தீர்ந்த தெருவில் குழந்தைகளை வைத்திருக்கக் கூடாது என்பது சட்டம். நித்திலாவின் மகள் ஆதிரை தஞ்சாவூரில் பெரியம்மா வீட்டுக்குப் போனாள். கூட்டிக்கொண்டு போய் விட அத்தை கோமளா வரவில்லை. நித்திலாவின் கல்யாணப் பந்தியில் அந்தப் பெரியம்மாவோடு வந்த சண்டையில், அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொன்னவள் அவள், இன்னும் மிதிக்கவில்லை. கோடை முடிந்து திரும்பிய ஆதிரை, தண்ணீர் குடிக்கக்கூட விருந்தாளி மாதிரி அம்மாவிடம் கேட்டுக்கொண்டு நின்றாள். “இந்த வருஷம் நீ எங்கயும் போக வேண்டாம்டி,” என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் நித்திலா ரயில் ஏறினாள்.

முன்னால் போகிறவள்தான் புதுப்பனியை உடைக்கவேண்டும். மூச்சு வாங்கினால் ஒதுங்கி நின்று பின்னால் வருபவளுக்கு வழிவிடுவாள். அப்படி மாறி மாறி நடந்து, மதியம் மேல்சரிவின் அடிவாரத்துக்கு வந்தார்கள். இனி மேலே உள்ளது மட்டும்தான் பாக்கி. விழுந்து கிடந்த ஒரு பெரிய மரத்தடியில், பனியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துளை. அதிலிருந்து ஆவி வந்தது.

“இது வெந்நீர் ஊத்துடி,” என்றாள் கோமளா. சொன்னதும் கையுறையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். நித்திலாவும் பக்கத்தில் மண்டியிட்டுக் கையைக் காட்டினாள். மரத்துப்போன விரல்களுக்கு உயிர் வந்தது.

“என்ன இதமா இருக்கு. டீத்தூள் கொண்டுவராம போயிட்டோமே.”

ஆவி நின்றது. திரும்ப வந்தது. மறுபடி நின்றது. நனைந்த கம்பளி மாதிரி ஒரு வாடை. நித்திலா கையை மெல்ல இழுத்துக்கொண்டாள்.

“அண்ணி, இது ஊத்து இல்ல. மூச்சு.”

முதல் நாள் வகுப்பில் இதைத்தான் சொல்லியிருந்தார்கள், கோமளா குறட்டை விட்டுக்கொண்டிருந்த வகுப்பில். பனிக்கடியில் கரடி தூங்கும். அதன் மூச்சுத்துளையைப் பார்த்தால் சிவப்புக் கொடி நடவேண்டும். அதற்கு மேலே உள்ள சரிவை அந்தக் குளிர்காலம் முடியும்வரை யாரும் மிதிக்கக் கூடாது.

கோமளா குரலைத் தாழ்த்தினாள். “கொடி நட்டா மேல்சரிவு முழுக்கப் போச்சு. மானிக்குக் கரடி தெரியாது. சத்தம் போடாம சுத்தி மிதிச்சிட்டுப் போயிடலாம்.”

“மிதிச்சா பனி கல்லாயிடும் அண்ணி. துளை அடைஞ்சிடும்.”

“ஆதிரையை நினைச்சுப் பாரு.”

நித்திலா வேறெதையும் நினைக்கவில்லை. எழுந்தாள், ஒரு கால் தானாகவே மேல்பக்கம் நகர்ந்தது. அப்போது உள்ளேயிருந்து பொடிசாக ஒரு முனகல் கேட்டது. உடனே கனமான ஓர் உறுமல் அதை அடக்கியது. தூக்கத்திலேயே பிள்ளையைத் தட்டிக்கொடுக்கிற சத்தம்தான் அது. எந்த ஊரில் கேட்டாலும் அவளுக்குப் புரியும்.

“நம்ம கை குளிர் காய்ஞ்சது அது மூச்சுல,” என்றாள் நித்திலா. கண்ணில் நீர் முட்டியது. “என்னால முடியல அண்ணி.”

கோமளா கையுறையை மாட்டிக்கொண்டு பனியிலிருந்து எழுந்தாள். பிறகு தன் முதுகுப்பையைத் திறந்து சிவப்புக் கொடியை எடுத்து நீட்டினாள். “நீயே நடு.”

சாயங்காலம் முகாமிலிருந்து வீட்டுக்குப் பேசினார்கள். ஆதிரைதான் போனை எடுத்தாள்.

“மேல வரைக்கும் மிதிச்சிட்டியாம்மா?”

“இல்லடி. அங்க ஒரு கரடி தூங்குது. குட்டி போட்டிருக்கு.”

மறுமுனையில் தெருநாய் குரைத்தது. ஆதிரை சன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“குட்டி அம்மா கூடத்தானே இருக்கு?”

“ஆமாடா.”

“சரி,” என்றாள் ஆதிரை. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற குரலிலேயே அடுத்ததையும் கேட்டாள். “அப்ப என் பையை எடுத்து வைக்கட்டுமா?”

கோடைக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது என்று சொல்லத்தான் நித்திலா வாயைத் திறந்தாள். அதற்குள் கோமளா அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

“பெரிய பையா எடுத்து வை,” என்றாள். “என் புடவையெல்லாம் அதுலதான் வைக்கணும். இந்தத் தடவை தஞ்சாவூருக்கு அத்தையும் கூட வரேன்.”