பேனா தட்டிய தலைமையாசிரியர்

மருந்துக்கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்ன அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் படியேறுவார்கள். அன்று மதியம் வந்த ஆங்கில ஆசிரியை மட்டும் சிரித்த முகத்தோடு வந்தார். கையில் ஓர் இனிப்புப் பெட்டி வேறு.

"எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லைங்க," என்றார், உட்காருவதற்கு முன்பே. "எங்க வீட்டுக்காரர்தான் போய்க் கேட்டுட்டு வான்னு ஒரே பிடிவாதம். வெளிநாட்டு வேலை. நிஜம்தான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா அவர் நிம்மதியாத் தூங்குவார்."

மேஜைக்குப் பின்னால் இருந்த துப்பறிவாளரை ஊரில் எல்லோரும் 'நிதானம்' என்றுதான் சொல்வார்கள். வீடு தீப்பற்றினாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார் என்பது அவர் மனைவியின் புகார். அந்த மனைவியின் தம்பிதான் அவருக்கு உதவியாளன். அவன் நேர் எதிர். கதவு திறந்திருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் ஓடி, நெற்றியில் இடித்துக்கொள்கிறவன்.

ஆசிரியை சொன்னது இதுதான். வேலை தேடும் இணையதளம் ஒன்றில் தன் விவரங்களைப் போட்டு வைத்திருந்தார். சென்ற மாதம், தூரத்துக் குளிர்நாட்டுப் பள்ளி ஒன்றிலிருந்து செய்தி வந்தது. ஆங்கில ஆசிரியை தேவை, நேர்காணல் தொலைபேசியில். தலைமையாசிரியரே பேசினார். அடுத்த நாளே, தேர்வாகிவிட்டீர்கள் என்று பதில் வந்தது. கூடவே, மற்றவர்கள் போட்டிக்கு வந்துவிடுவார்கள், வெளியே சொல்ல வேண்டாம் என்றும் ஒரு வரி இருந்தது. இன்று காலை பள்ளியில் ராஜினாமாக் கடிதம் கொடுத்தாயிற்று. மாலையில் நிர்வாகக் குழு கூடி அதை ஏற்றுக்கொள்ளும்.

கணவர் வேலை பார்த்த ஆலை மூடியதிலிருந்து அந்த வீட்டில் சம்பளம் என்று வருவது ஆசிரியையின் சம்பளம் ஒன்றுதான். படிக்கிற வயதில் இரண்டு பிள்ளைகள். அதனால்தான் கணவருக்குத் தூக்கம் வரவில்லை.

மைத்துனன் அதற்குள் கணினியில் அந்தப் பள்ளியைத் தேடி எடுத்துவிட்டான். பள்ளி நிஜம். கட்டடம் நிஜம். முகவரியும் நிஜம்.

"காசு ஏதாவது கேட்டாங்களா, டீச்சர்?"

"ஒரு பைசா கேக்கலை. டிக்கெட்கூட அவங்களே எடுக்கிறாங்களாம்."

"அப்போ ஒரிஜினல்தான், மாமா. ஏமாத்துறவன் காசு கேக்காம விடுவானா?" என்று இனிப்புப் பெட்டியின் பக்கம் கையை நீட்டினான்.

"காசு கேக்கலை, சரி," என்றார் நிதானம். "வேற என்ன கேட்டாங்க?"

"ஒண்ணுமே கேக்கலைங்க. இப்போ பாக்கிற வேலையை விட்டாச்சுங்கிறதுக்கு அத்தாட்சி மட்டும் அனுப்பச் சொன்னாங்க. இந்த வாரத்துக்குள்ள."

நிதானம் இனிப்புப் பெட்டியைப் பிரிக்காமல் மேஜையின் ஓரத்துக்கு நகர்த்தி வைத்தார். நீட்டிய கையை மைத்துனன் மடக்கிக்கொண்டான்.

அந்தப் பள்ளியையே கூப்பிட்டுக் கேட்கலாம் என்று பார்த்தார்கள். அங்கே அப்போது இரவு. பதிவு செய்த குரல்தான் பேசியது. பள்ளியின் சொந்த முகவரிக்கு மைத்துனன் ஒரு மின்னஞ்சல் அனுப்பினான். பதில் வருவதற்குள் இங்கே குழு கூடிக் கலைந்துவிடும். ஏற்றுக்கொண்ட ராஜினாமாவைத் திரும்ப வாங்க முடியாது.

"அந்த நேர்காணலைச் சொல்லுங்க. சின்னச் சின்னதையும் விடாம."

ஆசிரியை ஆசையாகச் சொன்னார். இவ்வளவு பொறுமையாகத் தன் பேச்சை யாரும் கேட்டதில்லை என்றார். எழுத்துக்கூட்ட வராத பிள்ளைக்கு எப்படிக் கற்பிப்பீர்கள் என்று தலைமையாசிரியர் கேட்டாராம். இவர் ஒரு மாணவியைப் பற்றி, பெயர் சொல்லாமல், நீளமாகச் சொன்னாராம். சாப்பாட்டு இடைவேளைதோறும் அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படிக்கப் பழக்கிய கதை. பேச்சின் நடுவில் தலைமையாசிரியர், ஜன்னல் வரைக்கும் பனி குவிந்து கிடக்கிறது என்றாராம்.

"நான் பேசப் பேச, பேனாவால மேஜையைத் தட்டிக்கிட்டே இருந்தார். ரெண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, அப்புறம் ஒரு தட்டு. கவனமாக் கேக்கிறவங்க சிலர் அப்படித்தானே செய்வாங்க? நடுவுல எங்க தெருவுல கரண்ட் போச்சு. பாத்தா அதே நேரம் அங்கேயும் போயிடுச்சாம். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அந்த ஊர்லயும் நம்ம பாடுதான்போலன்னு ஒரு ஆறுதல். அவசரமில்லை சார், முதல்ல ஒரு விளக்கைப் பாத்து ஏத்துங்க, நான் காத்திருக்கேன்னு சொன்னேன்."

"அப்போ அந்தப் பேனாச் சத்தம்?"

"அது அப்படியே மெதுவாகி, மெதுவாகி, நின்னு போச்சு."

"கரண்ட் போனதை அவர் எப்படிச் சொன்னார்? அவர் வாயில வந்த வார்த்தையே வேணும்."

"சாரி மேடம், கரண்ட் கட், ஒன் மினிட்னு..." ஆசிரியை நிறுத்தினார். அவர் உதடுகள் அந்தச் சொல்லை மறுபடியும் ஒருமுறை ஓசையில்லாமல் சொல்லிப் பார்த்தன. வகுப்பறையில் பிழையைக் கண்டதும் புருவம் சுருங்குமே, அப்படிச் சுருங்கின அவர் புருவங்கள்.

"அந்த ஊர்க்காரங்க யாரும் கரண்ட்னு சொல்ல மாட்டாங்களே. பவர் போச்சுன்னுதானே சொல்வாங்க. போன வாரம்தான் இந்த வார்த்தைக்காக ஒரு பொண்ணுக்கு மார்க் குறைச்சேன். எனக்கு எப்படிங்க கேக்காமப் போச்சு?"

"வீட்டுல நாம எல்லாரும் அதைத்தானே சொல்றோம், டீச்சர். பழக்கமில்லாத வார்த்தையா இருந்தாத்தான் காதுல இடிக்கும்," என்றார் நிதானம்.

ஆசிரியையின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. பல மாதங்களுக்குப் பிறகு அந்த முகத்துக்கு வந்த சிரிப்பு அது. அதைப் பிடுங்கிக்கொண்டவனை நினைத்து மைத்துனனுக்குக் காது மடல் சிவந்தது.

நிதானத்தின் குரல் மட்டும் மாறவில்லை. இந்த வேலையைப் பற்றி யார் யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்டார். கணவரைத் தவிர யாரிடமும் இல்லை. கடிதத்தில்கூடச் சொந்தக் காரணம் என்று மட்டும்தான் எழுதியிருந்தார்.

"கடிதத்தை வாங்கினப்போ உங்க பள்ளித் தாளாளர் என்ன சொன்னார்?"

"வருத்தப்படுவார்னு நினைச்சேன். ரொம்ப அன்பாப் பேசினார். இத்தனை வருஷத்துல இல்லாத அதிசயம். நல்லா இருங்க, அந்தக் குளிர்ல உடம்பைப் பாத்துக்கோங்கன்னு..."

"எந்தக் குளிர்ல?"

ஜன்னலுக்கு வெளியே தார்ச்சாலை வெயிலில் இளகிக் கிடந்தது.

"உங்க இடம் காலியானா அங்கே யார் வருவாங்க?"

"தாளாளரோட பொண்ணு ஆங்கிலம்தான் படிச்சிருக்கா. ஆனா அவ தங்கமான பொண்ணுங்க. என்கிட்ட படிச்ச பிள்ளை. அவ வீட்டுக்காரர்தான் தாளாளர் வீட்டு முன்னறையில ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துறார்."

"யாரு, துரையா?" என்றான் மைத்துனன். கொஞ்ச காலம் வெளிநாட்டில் இருந்துவிட்டு, மூக்கால் ஆங்கிலம் பேசிக்கொண்டு திரும்பி வந்த அந்த மருமகனுக்கு ஊர் வைத்த பெயர் அது. "அந்த வீடு உங்களுக்கு அடுத்த தெருதானே, டீச்சர்? மாமா, நான் இப்பவே போய் அவன் சட்டையைப்..."

"செருப்பைப் போட்டுக்கோ, மாப்ளே. சேர்ந்தே போவோம்."

நிர்வாகக் குழு கூடுவது தாளாளர் வீட்டு முன்னறையில். அவர்கள் போனபோது குழுவினர் இருவர் வந்து அமர்ந்திருந்தார்கள். தாளாளர் நடு நாற்காலியில் இருந்தார். துரை சுவரோரம் கைப்பேசியைப் பார்த்தபடி நின்றிருந்தான். சுவரில் வகுப்புக்கான கரும்பலகை, கூரையில் ஒரு பழைய மின்விசிறி. அதை இன்னும் போட்டிருக்கவில்லை. இத்தனை வருடம் அந்தப் பள்ளிக்கு உழைத்த ஆசிரியை அந்த வீட்டுக்குள் கால் வைத்தது அதுவே முதல் தடவை. யாரும் இதற்கு முன் அவரை உள்ளே வாருங்கள் என்று அழைத்ததில்லை.

ராஜினாமாவைப் பற்றி இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார் நிதானம். குழுவினர் கேட்கிறோம் என்றார்கள். தாளாளருக்கு அவர்களுக்கு முன்னால் மறுக்க வழியில்லை.

நிதானம் நின்றபடியே எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். ஏமாற்றுகிறவன் காசு கேட்பான், இவன் கேட்கவில்லை. கேட்டது ராஜினாமா ஒன்றைத்தான். ஆகவே அந்த ராஜினாமாவால் யாருக்கு லாபமோ, அவர் பக்கத்தில்தான் இவன் இருக்க வேண்டும். குளிர்நாட்டுத் தலைமையாசிரியர் நம் வீட்டுச் சொல்லைச் சொன்னார். டீச்சர் தெருவில் மின்சாரம் போன அதே நொடியில் அவருக்கும் போனது. அவர் டீச்சருக்கு மிகப் பக்கத்தில், ஒரே மின்கம்பி வரிசையில் இருந்தார் என்பதுதான் அதற்கு அர்த்தம். வேலையைப் பற்றிக் கணவரைத் தவிர யாருக்கும் தெரியாது. தாளாளருக்கு மட்டும் குளிர் வரைக்கும் தெரிந்திருக்கிறது.

"ஏதோ பேச்சுவாக்குல சொன்னதை எல்லாம்..." என்று ஆரம்பித்தார் தாளாளர்.

"அதையும் விட்டுடுவோம் ஐயா. இன்னும் ஒண்ணே ஒண்ணு. போன்ல பேனாவால தட்டுற மாதிரி ஒரு சத்தம் டீச்சருக்குக் கேட்டுக்கிட்டே இருந்திருக்கு. பேனாவால தட்டுறவர் கரண்ட் போனா சட்டுனு நிறுத்துவார், இல்லே தட்டிக்கிட்டே இருப்பார். தட்டு மெதுவாகி மெதுவாகி நிக்காது. அப்படி நிக்கிறது ஒண்ணுதான் இருக்கு. ஜன்னல் வரைக்கும் பனி கிடக்கிற ஊர்ல அதை யாரும் போட மாட்டாங்க." அவர் தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தார். "வெக்கையா இருக்கு. அந்த ஃபேனைப் போடலாமா?"

"அது ரிப்பேர்," என்றான் துரை. மூக்கு ஆங்கிலம் எங்கோ ஓடிப்போய் அவன் சொந்தக் குரல் வந்திருந்தது.

உள்கதவின் அருகே தாளாளரின் மகள் தண்ணீர்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று யாரும் கவனிக்கவில்லை. அவள் அப்பாவைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். பிறகு ஆசிரியையைப் பார்த்தாள். தட்டை மேஜைமேல் வைத்துவிட்டுச் சுவரருகே போய்ச் சுவிட்சை அழுத்தினாள்.

மின்விசிறி முனகிக்கொண்டு சுழலத் தொடங்கியது. டக் டக்... டக். டக் டக்... டக்.

ஆசிரியை கண்ணை மூடிக்கொண்டார். யாரும் அவரிடம் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

விளையாட்டுக்குச் செய்தது என்றான் துரை. தனக்கு இது எதுவும் தெரியாது என்றார் தாளாளர். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னதால் இரண்டுமே எடுபடவில்லை. குழுவினரில் வயதானவர் எழுந்துவிட்டார். "விளையாட்டா?" என்றார். "ஒரு குடும்பத்தோட சோத்துப் பானையை வச்சா விளையாடுவீங்க?"

நிதானத்தின் குரல் முதல் முறையாகச் சற்று உயர்ந்தது. "நேரா வெளியே போன்னு சொல்லியிருந்தா, அவங்க நியாயம் கேட்டிருப்பாங்க. அதுக்குப் பயந்துக்கிட்டு, அவங்க கையாலேயே எழுத வச்சிருக்கீங்க. சந்தோஷமா எழுத வச்சிருக்கீங்க. இனிப்பு வாங்கிக்கிட்டு வந்தாங்க ஐயா எங்ககிட்ட."

இதுவரை பேசாத ஆசிரியை அப்போது துரையின் பக்கம் திரும்பினார். கோபத்தில் அவர் குரல் உயரவில்லை, இன்னும் தாழ்ந்தது.

"எழுத்துக்கூட்ட வராத பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக் குடுப்பீங்கன்னு கேட்டீங்களே தம்பி. நான் மனசு விட்டுச் சொன்னேன். நீங்களும் கேட்டுக்கிட்டே இருந்தீங்க. அந்தப் பிள்ளை யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

அது தான்தான் என்று துரையின் மனைவிக்குப் புரிந்துவிட்டது. சாப்பாட்டு இடைவேளையில் டீச்சர் தன் டப்பாவைத் திறந்து, பாதியை அவள் பக்கம் தள்ளிவிட்டு, புத்தகத்தில் விரல் வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் காட்டியது அவளுக்கு நினைவிருந்தது. தாளாளர் மகள் என்று சலுகையும் இல்லை, மக்கு என்று ஒரு சொல்லும் இல்லை. தான் பட்டம் வாங்கியதே அந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான் என்று அவள் பலரிடம் சொல்லியிருக்கிறாள். கணவனிடமும்கூட.

அவள் மேஜைமேல் இருந்த கோப்பைத் திறந்து ராஜினாமாக் கடிதத்தை எடுத்தாள். தாளாளர் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"உங்க வேலை எனக்கு வேண்டாம், டீச்சர். நான் கேக்கவும் இல்லை. எனக்கு ஒரு வேலை கிடைக்கும். கிடைக்காட்டியும் பரவாயில்லை." கடிதத்தை ஆசிரியையின் கையில் வைத்து, அந்தக் கையை இரண்டு கைகளாலும் மூடினாள்.

செய்த உதவியை ஆண்டவன் எங்கே சேர்த்து வைக்கிறான் என்று நமக்குத் தெரிவதில்லை. வேண்டிய நேரத்தில் ஒரு சுவிட்சை அழுத்தும் விரலாகக்கூட அது திரும்பி வரலாம்.

அதற்காக நடந்த அநியாயத்தை நிதானம் அப்படியே விட்டுவிடவில்லை. மாமனார், மருமகன் இருவர் மீதும் புகார் எழுதினார். ஆசிரியை கையெழுத்துப் போட்டார். குழுவினர் இருவரும் சாட்சி. மறுநாள் காலை அந்தக் குளிர்நாட்டுப் பள்ளியிலிருந்து பதிலும் வந்தது. அப்படி ஒரு வேலை அங்கே இல்லை, எங்கள் பெயரை யாரோ தவறாகப் பயன்படுத்தியதற்கு வருந்துகிறோம் என்று எழுதியிருந்தார்கள். தவறே செய்யாதவர்கள் வருத்தம் தெரிவித்துவிட்டார்கள். இங்கே தாளாளரின் வாயிலிருந்து அந்த ஒரு சொல் கடைசி வரை வரவில்லை.

அன்று வகுப்பில் ஆசிரியை முதல் வேலையாக ஒரு மாணவியைக் கூப்பிட்டு, அவளுடைய விடைத்தாளை வாங்கினார். சிவப்பு மையில் அடித்திருந்த 'கரண்ட்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில், குறைத்த மதிப்பெண்ணைத் திரும்பப் போட்டார்.

"அப்போ இது சரியா, டீச்சர்?"

"தப்புதான்டா. அடுத்த தடவை பவர்னு எழுது." தாளைக் கொடுத்துவிட்டுச் சற்று யோசித்தார். "ஆனா யாராவது அதைச் சொன்னா, நல்லாக் காது குடுத்துக் கேளு."