பூசாத வாசனை

வாசல் கதவைத் திறந்ததும் அவளுடைய வாசனையே அவளுக்கு எதிரே வந்தது. அப்படி வந்திருக்கக் கூடாது.

இருபது வருடமாக ஒரே செண்டு. லேசான கஸ்தூரி, அதன் மேல் குளிப்பாட்டிய குழந்தைக்குப் பூசும் பவுடர் போல ஒரு மென்மை. விசேஷத்துக்குப் போடுவதல்ல, தினப்படிக்குப் போடுவது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்களே, தினமும் பூசுகிற கஸ்தூரியும் அப்படித்தான். பூசியவளின் மூக்கு சில நாளிலேயே அலுத்துப்போய் அதைக் கண்டுகொள்வதை விட்டுவிடும். அவளுக்கு இது வேலையில் கற்ற பாடம். சோப்புக்கும் செண்டுக்கும் வாசனை கலக்கும் தொழிற்சாலையில் ஒவ்வொரு கலவையையும் முகர்ந்து பார்த்துச் சரி சொல்பவள் அவள். கூட வேலை செய்பவர்கள் பெயரை விட்டுவிட்டு ‘மூக்கு’ என்றே கூப்பிட்டார்கள். “மூக்கு வந்தாச்சு, யாரு காலையில பல்லு விளக்கலையோ ஓடிப்போயிடுங்க” என்று கிண்டல் வேறு.

முகர்கிறவர்கள் வேலைக்கு எதையும் பூசிக்கொண்டு போகக் கூடாது. அதனால் ஊரெல்லாம் வெளியே கிளம்பும்போது செண்டு போட்டால், அவள் வீட்டுக்குள் வரும்போது போடுவாள். செருப்பு அலமாரியின் மேல்தட்டில் பாட்டில் இருக்கும். இரண்டு மணிக்கட்டிலும் கழுத்திலும் ஒவ்வொரு சொட்டு. அதற்குப் பிறகுதான் அம்மாவின் அறைக்குப் போவாள்.

எல்லாம் அம்மாவுக்காகத்தான். அம்மாவுக்குக் கண் போய் ஆறு வருடமாகிறது. காதுக்கு யார் குரலும் ஒரே குரல்தான். நினைவும் சல்லடையாகிவிட்டது. வெளியூரில் இருக்கும் மகனை மறந்தாயிற்று, கணவர் செத்ததையும் மறந்தாயிற்று. இந்த வாசனை கிட்டே வந்தால் மட்டும் முகம் மலரும். “பாப்பா, வந்துட்டியா?” ஐம்பத்திரண்டு வயதில் அவளைப் பாப்பா என்று கூப்பிட உலகத்தில் அந்த ஒரு வாய்தான் மிச்சம். அதைக் கேட்கத்தான் தினமும் ஓட்டமும் நடையுமாக வீடு வருவாள்.

அன்று அவள் பாட்டிலை இன்னும் தொடவில்லை. மூடி இறுக்கமாக இருந்தது. ஆனால் வாசனை கூடத்தில் நின்றுகொண்டிருந்தது, அதுவும் பூசிய முதல் பத்து நிமிடத்துக்கே உரிய வாசனை, மூக்கின் நுனியைச் சுள்ளென்று தொடும் காரம் இன்னும் அடங்காத நிலை. ஏதோ யோசனையில் காலையில் கொட்டியிருப்பேன் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டு, பூசிக்கொண்டு உள்ளே போனாள்.

“என்ன, மறுபடியும் வர்ற?” என்றாள் அம்மா. “இப்பதானே தலை வாரிட்டுப் போன.”

அம்மாவின் தலை வழவழவென்று வாரியிருந்தது. பகலில் பார்த்துக்கொள்ள வந்து ஐந்து மணிக்குக் கிளம்பிவிடும் பெண் வாரியிருப்பாள். வேறு யார் வாரப் போகிறார்கள்?

மறுநாளும் அதே வாசனை, இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி, சாப்பாட்டு மேசையருகில். ஆறு மணிக்கே இருட்டிவிடும் காலம். விளக்கைப் போடாமல் கண்ணை மூடி, வேலையில் செய்வது போலவே, சின்னச் சின்னதாக மூச்சை இழுத்து அதைப் பின்தொடர்ந்தாள். குளிர்சாதனப் பெட்டியின் முனகலும் குழாய் சொட்டும் சத்தமும் ஒவ்வொன்றாக விலகிப்போக, மேசையைச் சுற்றி, நாற்காலி முதுகைத் தாண்டி, அந்த மென்மையான பவுடர் வாடை ஒரு ஆள் நடந்து போன வழியைப் போலவே வளைந்து அம்மாவின் அறைப் பக்கம் போயிற்று. நாற்காலிகளை எங்கும் இடிக்காமல் போயிற்று. வீடு பழகிய ஆளின் நடை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். மூக்கு அரண்டால் என்ன சொல்வார்கள் என்று யோசித்தாள். சிரிப்பு வரவில்லை. பகலில் வரும் பெண்ணுக்குப் போன் போட்டாள்.

“அக்கா, ஒன்னு கேக்கணும். என் செண்ட எடுத்துப் பூசினீங்களா? பூசினா தப்பில்ல, சும்மா கேக்கறேன்.”

“ஐயோ, நான் எதுக்கும்மா தொடப்போறேன்? நீங்க வந்த பிறகுதானே நான் கிளம்பினேன்.”

“நான் ஆறு மணிக்குத்தான் வந்தேன்.”

“அஞ்சு மணிக்கு வந்துட்டீங்களேம்மா. நான் அடுப்படியில பாத்திரம் கழுவிட்டிருந்தேன். திரும்பிப் பாக்கல, உங்க வாசனை வந்துச்சு. போயிட்டு வரேன்னு சொன்னேன், உம்முன்னீங்க. ரெண்டு நாளா சீக்கிரம் வர்றீங்க, நல்லதாப் போச்சுன்னு நெனச்சேன்.”

பேச்சு முடிந்த பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தாள். அண்ணனைக் கூப்பிடலாமா? கூப்பிட்டு என்ன சொல்வது, வீட்டில் என் வாசனை வருகிறது என்றா? அவளுக்குச் சொல்லி அழக்கூட ஆளில்லை. அன்று அம்மா இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. வயிறு நிறைய ஊட்டிவிட்டாயே என்றாள்.

வியாழக்கிழமை வாசனை அம்மாவின் தலையணையில் இருந்தது. முகத்தைப் புதைத்து முகர்ந்தாள். துணியில் கஸ்தூரி தட்டையாகத் தங்கும். தோலில் என்றால் கொஞ்சம் உப்பும் சூடும் சேர்ந்து வரும். இதில் சூடு இருந்தது. உடம்பு இப்போதுதான் எழுந்து போயிருந்தது.

அன்று விடிகிற வரை அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். எதுவும் வரவில்லை.

ஒரு கலவையில் அந்நிய வாடை புகுந்துவிட்டால் வேலையில் ஒரு வழி உண்டு. தெரிந்ததையெல்லாம் முதலில் அப்புறப்படுத்துவார்கள். மிஞ்சுவதுதான் திருடன். வெள்ளிக்கிழமை அவள் அதையே செய்தாள். பாட்டிலைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி எடுத்துப்போய் வேலையிடத்து அலமாரியில் பூட்டினாள். மூன்று மணிக்கே அனுமதி கேட்டுவிட்டு, அங்கே முகர்கிறவர்களுக்கென்று வைத்திருக்கும் மணமில்லாத சோப்பால் தலையிலிருந்து கால் வரை இரண்டு முறை குளித்தாள். மணமில்லாத தூளில் துவைத்த உடுப்பை மாட்டிக்கொண்டாள். மணிக்கட்டை முகர்ந்தாள். வெறும் தண்ணீர். இனி வீட்டில் கஸ்தூரி வந்தால் அது அவளுடையதல்ல, அம்மாவைத் தூக்கிக்கொண்டாவது வெளியேறிவிடலாம். அவள் புத்திக்கு அது சரியாகத்தான் பட்டது.

ஐந்தேகாலுக்குக் கதவைத் திறந்தாள். பகல் பெண் கிளம்பியிருந்தாள். பாத்திரங்கள் ஈரத்தோடு கவிழ்ந்திருந்தன. கூடத்தில் வாசனை இல்லை. மேசையருகில் இல்லை. அம்மாவின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது.

அங்கே இருந்தது.

அம்மா பேசிக்கொண்டிருந்தாள். மாதக்கணக்கில் கேட்காத கலகலப்பு.

“சின்ன வயசுல நீ எவ்வளவு பயந்தாங்கொள்ளி தெரியுமா? இருட்டுன்னா என் முந்தானைக்குள்ள புகுந்துக்குவ.”

எட்டிப் பார்த்தாள். ஜன்னலில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. அம்மா கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து படுத்து, பக்கத்தில் இடம் விட்டிருந்தாள். அந்த இடத்தில் யாரும் இல்லை. மெத்தை மட்டும் அமுங்கியிருந்தது. ஒரு ஆள் நீளத்துக்கு. அம்மாவின் கை காற்றில் ஒரு தலையின் உயரத்தில் நின்று, மெல்ல, மிக மெல்ல, எதையோ கோதிக்கொண்டிருந்தது.

“அம்மா.” ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்தாள். “அம்மா, நான்தாம்மா. பாப்பா.”

அம்மாவின் மூக்கு விடைத்தது. ஒரு முறை. இரண்டு முறை. முகத்தில் இருந்த சிரிப்பு போயிற்று. கையை வெடுக்கென்று உதறினாள்.

“யாரது?”

“பாப்பாம்மா. நான்தான் பாப்பா.”

“பாப்பா, யாரோ வந்திருக்காங்கடி.” அம்மா அவளிடம் சொல்லவில்லை. பக்கத்து இடத்துப் பக்கம் ஒடுங்கினாள். “வாசனையே இல்ல. ஆளு மாதிரியே இல்ல. பயமா இருக்கு, பாப்பா. போகச் சொல்லு.”

மெத்தையின் பள்ளம் மேலெழுந்தது.

முதலில் தலையணை. பிறகு நடுவில். பிறகு கட்டில் ஓரம் அமுங்கி, விட்டது. தரையில் ஒரு காலடி. கஸ்தூரி அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றது. சூடாக. அவளுடைய உயரத்தில்.

அவள் பின்வாங்கினாள். ஒரு அடி. இன்னொரு அடி. நிலைப்படியைத் தாண்டி அறைக்கு வெளியே வந்துவிட்டாள். கதவு நகர்ந்தது, அவசரமில்லாமல், தூங்குகிறவர்களை எழுப்பக்கூடாது என்று சாத்துவது போல. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

“போயிட்டாங்களா?” என்று கேட்டாள் அம்மா.

“யாரும் இல்லம்மா” என்றது உள்ளே அவளுடைய குரல். “தூங்கு.”