ராணிக்குச் சளி

கேத்திலை அணைத்து நெடுநேரமாகியும் விசில் சத்தம் நிற்கவில்லை. கஜந்தினி தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுக் காது கொடுத்தாள். மூக்கடைத்த குழந்தை தூக்கத்தில் இழுப்பதுபோல, மெல்லியதாக, ஈரமாக, விட்டுவிட்டு வந்தது அது. வரவேற்பறைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்துதான்.

அதற்குள் கிடந்தது அவள் கணவன் விதுர்சனின் மலைப்பாம்பு. ராணி என்று பெயர். மொன்ட்ரியால்-நோரில் இருக்கும் அந்தச் சின்ன வீட்டில் கட்டிய மனைவிக்கு ஒரு அலுமாரி வைக்க இடமில்லை, ராணிக்கு மட்டும் சூட்டு விளக்கோடு மாளிகை.

பாம்பு தலையை முகட்டுப் பக்கம் நிமிர்த்தி, வாயைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தது. மூக்குத் துவாரத்தில் ஒரு நுரைக்குமிழி ஊதி, உடைந்து, மறுபடி ஊதியது. நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்று புரோசார்டில் இருக்கும் மிருக வைத்தியர் சொல்லியிருந்தார். பாம்புக்கு எங்களைப்போல இருமத் தெரியாது, அதனால் நிமிர்ந்து நின்றுதான் மூச்செடுக்கும். பெட்டியில் சூட்டைக் கூட்டவேண்டும், ஈரத்தைக் கவனிக்கவேண்டும், மூன்று நாளைக்கொரு ஊசி போடவேண்டும். எல்லாம் சொல்லிவிட்டு, வீட்டில் புகை ஏதும் போடுவீர்களா என்றும் கேட்டாராம். அங்கேதான் வினை வந்தது.

“இனி வெள்ளிக்கிழமையில சாம்பிராணி வேண்டாம், கஜி. அதுக்குப் புகை ஒத்துவராதாம்” என்றான் விதுர்சன்.

போன மாதம் முழுக்க அவள் நெஞ்சு கிழிய இருமினாள். கொத்தமல்லி அவித்துக் குடியும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தவன், பாம்பின் மூக்கில் ஒரு குமிழியைக் கண்டதும் அதைப் போர்வையில் சுற்றிக்கொண்டு பாலம் கடந்து ஓடினான். பாம்புக்கு வைத்தியர், பெண்சாதிக்குக் கொத்தமல்லி. இப்போது சாமிக்கும் புகை கிடையாதாம்.

இன்று வெள்ளிக்கிழமை. புவாண்ட்-கிளேரில் இரவு வேலை முடித்து வந்தவன் அறையில் உறங்கினான். எழும்பியதும் ஊசி போடவேண்டும், குளிர்ப்பெட்டியில் ஊசிகளுக்குள் உறைந்திருக்கும் மருந்தை முன்கூட்டியே எடுத்து வையும் என்று சொல்லிவிட்டுப் படுத்திருந்தான். கஜந்தினி எடுத்துத்தான் வைத்தாள். இளகியதும் இருந்த ஊசிகள் எல்லாவற்றையும் குசினித் தொட்டிக்குள் பீச்சி, தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

பிறகு கதிரையில் ஏறி, இங்கே நம்மவர்கள் பலர் செய்வதுபோல, முகட்டிலிருந்த, புகை பட்டால் அலறும் மணிக்குக் குளியல் தொப்பியை மாட்டினாள். குளிர் புகாதிருக்க யன்னல்களுக்குப் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. கரி சிவந்ததும் சாம்பிராணியைத் தூவினாள். சாமி படத்துக்குக் காட்டிவிட்டுத் தட்டைக் கொண்டுபோய்ப் பெட்டியின் வலைமூடிமேல் பிடித்தாள்.

“இப்ப நீ இருமு பாப்பம்” என்றாள்.

பின்னேரமே இருட்டிவிட்டது. தெருவில் பனி வழிக்கும் வண்டி அலறிக்கொண்டு போக, அதன் மஞ்சள் வெளிச்சம் பிளாஸ்டிக்கில் நெளிந்து சுவரில் ஊர்ந்து மறைய, கண்ணைக் கரிக்கும் புகைக்குள் அந்த விசில் உயர்ந்து, கரகரத்து, சேற்றுக்குள் ஊதுவதுபோலக் கொழகொழத்தது.

நின்றது.

செத்துத் தொலைந்தது என்று குனிந்து பார்த்தாள். பாம்பு சுருண்டு கிடந்தது. வாய் மூடியிருந்தது, மூக்கு காய்ந்திருந்தது. உடம்பு சீராக ஏறி இறங்கியது. அவளுக்கு ஆத்திரம் இரட்டிப்பாயிற்று.

மறுபடி விசில்.

பெட்டிக்குள் இல்லை. அறைக் கதவுக்குப் பின்னால். ஈரமாக. விட்டுவிட்டு.

“இஞ்சேருங்கோ” என்றாள். கதவைத் தள்ளினாள்.

விதுர்சன் படுத்திருக்கவில்லை. இடுப்புக்குக் கீழே போர்வை. மேலே உடம்பு, கை ஊன்றாமல், விறைப்பாக நிமிர்ந்து நின்றது. முகம் முகட்டைப் பார்த்திருந்தது. வாய் பாதி திறந்து. மூக்கில் நுரை.

கோபமெல்லாம் எங்கே போயிற்றோ. தோளைப் பிடித்து உலுக்கினாள். ஐஸ்கட்டியாகக் குளிர்ந்தது.

“இருமுங்கோ” என்று அழுதாள். “என்ரை ராசா, ஒருக்கா இருமுங்கோ.”

அவனுக்கு இருமத் தெரியவில்லை.

குசினிக்கு ஓடினாள். ஊசிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வெறுமை. தொட்டியின் ஓட்டையை விரலால் வழித்தாள். தண்ணீர். ஒரு துளி மருந்துகூட இல்லை.

வெறும் ஊசியோடு திரும்பி வந்து வாசலில் நின்றாள். அவன் கண் இமைக்காமல் அவள் பக்கம் திரும்பினான். உடம்பு அசையவில்லை. கழுத்து மட்டும் திரும்பியது. அது அவள் போகும்போது இருந்ததைவிட நீண்டிருந்தது.