ஆடி வெள்ளியில் வெடிக்காத தோட்டா

1987 ஆகஸ்ட் 7, ஆடி வெள்ளிக்கிழமை. பூந்தமல்லி வங்கியிலிருந்து ஆவடித் தொழிற்சாலை ஒன்றுக்குச் சம்பளப் பணம் ஏற்றிவந்த வேனை, பாரிவாக்கத்தருகே நான்கு பேர் மறித்துக் கொள்ளையடித்தார்கள்.

மறுநாள் காலை, காப்பீட்டு நிறுவனத்தின் விசாரணை அதிகாரி தாட்சாயிணியின் எதிரில் வேனின் காவலாளி எத்திராஜ் உட்கார்ந்திருந்தார். கையிலிருந்த டீ தளும்பிச் சட்டையில் கொட்டியதுகூட அவருக்குத் தெரியவில்லை.

“பெல்ட்டுலேர்ந்து எடுத்துத் துப்பாக்கியில போட்ட ரெண்டு தோட்டாவும் வெடிக்கல மேடம். கேஷியர் ரகுநாதன் சார் மண்டையில கம்பியால போட்டானுங்க. இன்னும் கண்ணு தொறக்கல. பெல்ட்டுல இருந்த அத்தினி தோட்டாவுலயும் மருந்துக்குப் பதிலா மணலாம். நான்தான் மாத்தினேன்றாங்க. சாயங்காலம் டேசனுக்கு வரச் சொல்லிக்கீறாங்க. போனா ஊட்டுக்குத் திரும்ப மாட்டேன்.”

“பெல்ட்டை எங்கேயாவது கழட்டினீங்களா?”

எத்திராஜ் குரல் இறங்கியது. “பேங்குக்குப் போற வழியில, அம்மன் கோயில்ல. தோல் பெல்ட்டோட எப்டி உள்ள போறது? வண்டியிலயே வெச்சிட்டேன்.”

“அப்போ வண்டியில யாரு?”

“கேஷியர் இருந்தாரு. டிரைவர் கலியமூர்த்தி எம் பின்னாலயே உள்ள வந்ததா போலீசாண்ட சொல்லிக்கீறாரு. ஒரே கூட்டம், நான் திரும்பிப் பாக்கல.”

உதவியாளன் ஜேம்ஸ் துள்ளினான். “அப்ப கேஷியர்தான் மேடம்!”

“தன் மண்டையை உடைச்சுக்கவா ஆள் வெச்சார்? பேசாம வா.”

மதியம், தொழிற்சாலை அலுவலகத்தில் இன்ஸ்பெக்டரும் இருந்தார். எத்திராஜ் சுவரோடு ஒட்டி நின்று, வாசலிலிருந்த போலீஸ் ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கலியமூர்த்தி உள்ளே வந்தார். தலை மழித்திருந்தது, மீசையும் இல்லை.

“அப்பா தவறிட்டாரா?” என்றாள் தாட்சாயிணி.

“போன ஞாயித்துக்கெழம மேடம். அடுத்த வாரம் கருமாதி.”

“கொள்ளி போட்ட கையோட, தீட்டோட, ஆடி வெள்ளியில ஆத்தா சன்னிதிக்குள்ள போனீங்களாமே?”

கலியமூர்த்தி பதறிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “ஐயோ, அபசாரம்! தீட்டோட உள்ள போவனா? வண்டியாண்டதான நின்னுகினு இருந்தேன்! கேஷியர் மட்டும்தான் சிகரெட் வாங்க...”

இன்ஸ்பெக்டர் எழுந்து கதவருகே போய் நின்றார்.

“எனக்குப் புரியலையே மேடம்” என்றான் ஜேம்ஸ்.

“சாவு வீட்டுக்காரர் கருமாதி முடியும்வரை கோயிலுக்குள்ள போகமாட்டார். போலீசுக்குத் துணிஞ்சு சொன்ன பொய்யை, அம்மன் பேரைச் சொல்லிக் கேட்டதும் இவரால காப்பாத்த முடியல. கேஷியர் கடைக்குப் போனதும் பெல்ட்டோட தனியா இருந்தவர் இவர்தான். எத்திராஜ் தோட்டாவை மாத்தியிருந்தா, இவர் எதுக்குப் பொய் சொல்லணும்?”

எத்திராஜ் ஜீப்பிலிருந்து கண்ணை எடுத்தார். ஜேம்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

பட்டாபிராமில் கலியமூர்த்தியின் மைத்துனன் வீட்டில் பணத்தில் பாதி கிடைத்தது. எத்திராஜ் அன்று மாலை வீட்டுக்குப் போனார். பணி நேரத்தில் பெல்ட்டைக் கழற்றியதற்காகத் திங்கட்கிழமை அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள்.