சேரானிடம் சொன்ன பெயர்

மலையடிவாரத்துக் காரவள்ளியில் பஸ் ஏறியபோது எனக்கிருந்த கௌரவம், நாற்பதாவது கொண்டை ஊசி வளைவில் காலை இட்லியோடு ஜன்னல் வழியாகப் போய்விட்டது. "மலைக்காத்து பட்டா ஆறீரும், வாடா" என்று யுவராஜ்தான் கூப்பிட்டிருந்தான்.

எட்டு மாதமாக என் உடம்பில் கருங்கொப்புளங்கள். ராசிபுரத்தில் மூன்று டாக்டர்கள் மூன்று களிம்பு கொடுத்தார்கள். மூன்றையும் பூசியதில் நெய் தடவிய சப்பாத்தி மாதிரி மினுங்கினேனே தவிர, ஒன்றும் ஆறவில்லை. இப்போது இடது கண்ணோரம் வந்துவிட்டது. உள்ளே இறங்கினால் பார்வை போய்விடும் என்றார் கடைசி டாக்டர்.

யுவராஜும் நானும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. குண்டனி நாடு என்ற மலைக் கிராமத்தில் அவன் வைத்திருக்கும் நாற்றுப்பண்ணைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மணி நான்கு, பனி இறங்கியிருந்தது. அவன் குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போயிருந்தான். பண்ணையில் வேலை செய்யும் காளியாத்தாள் மட்டும் நாற்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, மூஞ்சி என்னங்க சுட்ட கெழங்காட்டம் இருக்குது?"

"பிறவி அழகுங்க" என்றேன். சிரித்தாள்.

பச்சை வலைப் பந்தலின் கடைசியில், முழங்கால் உயரத்தில் இருநூறு நாற்றுகள். 'காட்டு மா' என்று பலகை. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்துகிறவனுக்குக் கை சும்மா இருக்குமா? இலை மாவிலை மாதிரிதான். ஆனால் காம்பில் பல் முளைத்தாற்போல இரண்டு சிறு முட்கள். ஒரு குச்சியால் இலையைக் கிழித்தேன். மா வாசனை வரவில்லை. தண்ணீர் போலக் கசிந்த பால், நான் பார்க்கப் பார்க்க மையாய்க் கறுத்தது.

"இது மா இல்லீங்க. சேரான். பால் பட்டா உடம்பு வெந்து போகும்" என்றேன்.

தண்ணீர்க் குழாய் அவள் கையில் அப்படியே நின்றது.

"மெதுவாப் பேசுங்க சாமி. அதுக்குக் காது கேக்கும்."

பிறகு அவளே கிசுகிசுத்தாள். "விதை உழுந்த வாரத்துலயே நெழல்ல ஊனோணும். ஊனறவன் தம்பேரச் சொல்லித்தான் ஊனோணும். வளர வளர அதோட சூடு அந்தப் பேருக்காரனுக்கு எறங்கும். அதனால இங்க யாரும் இத வளக்கறதில்லீங்க. மருந்துக்குக் கேட்டாங்கன்னு உங்க சிநேகிதருதான் ஊனினாரு."

"யுவராஜ் பேரைச் சொல்லியா?"

"இல்லீங்க. பூபதின்னாரு. யாருங்க அது பூபதி?"

நான்தான் பூபதி.

காற்றே இல்லை. இருநூறு நாற்றும் அசைந்தன.

வெளியே பைக் வந்து நின்றது. பந்தலைவிட்டு வெளியே வந்தோம். யுவராஜ் என் முகத்தைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

"சொல்லீட்டாளா?"

"ஏன்டா?"

"மேனகா அப்ப மாசமா இருந்தாடா. எம் பேரச் சொன்னா வயித்துப் புள்ளைக்கும் எறங்கும்னாங்க. உனக்குத்தான் யாரும் இல்லையேடா."

வழக்கமாக இந்த இடத்தில் நான் ஒரு ஜோக் சொல்வேன். தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

காளியாத்தாள் என் பக்கம் சாய்ந்தாள். "பந்தலுக்குள்ள போயி, ஊனினவன் பேரத் திருத்திச் சொல்லீட்டு வந்துருங்க. உங்கள உட்ரும். அவரு ஊட்டுக்குப் போயிரும்."

தனியாக உள்ளே போனேன். வெந்த சதையின் வாடை. பனியில் என் கையே எனக்குத் தெரியவில்லை.

இலைகள் ஒவ்வொன்றாக என் பக்கம் திரும்பும் சத்தம்.

"யாரு?"

குரல் என் முழங்கால் உயரத்திலிருந்து வந்தது.

"யாரு ஊனினது?"

"யு..." என்று தொடங்கினேன். வெளியே யுவராஜின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் அவன் மனைவி மேனகாவின் குரல், அதற்குப் பின்னால் குழந்தையின் மழலை. ஆறு மாதக் குழந்தை. அது யாருக்கு என்ன துரோகம் செய்தது?

இரக்கப்படாதே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். நாக்கு அதற்குள் மடங்கிவிட்டது.

"பூபதி" என்றேன். "நான்தான் ஊனினேன். எனக்குத்தான் யாரும் இல்லை."

"யாரும் இல்லையா?" என்றது அந்தக் குரல். இலைகளின் சத்தம் நின்றது.

யுவராஜ் என் கையைப் பிடிக்க வந்தான். உதறிவிட்டுக் கடைசி பஸ் பிடித்தேன். முப்பது வருடச் சிநேகிதத்தில் முதல்முறையாக அவனிடம் சொல்லிக்கொள்ளாமல் வந்தேன்.

மறுநாள் விடிந்து வெகுநேரம் கழித்து எழுந்தேன். கண்ணோரத்தைத் தடவினேன். வழுவழுவென்று இருந்தது. கை, கழுத்து, எங்கும் ஒரு தழும்பில்லை. படுத்தபடியே சத்தம் போட்டுச் சிரித்தேன்.

பிறகுதான் பக்கத்தில் திரும்பினேன். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று வந்த இரண்டாவது தலையணை, இத்தனை நாளும் பிரிக்காத உறையோடு அலமாரியில்தான் கிடந்தது. இப்போது அது என் கட்டிலில் இருந்தது. உறை அழகாக மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது.

தலையணையில் ஒரு தலை அழுந்திய பள்ளம். அதில் மாவிலை மாதிரி ஓர் இலை, காம்பில் இரண்டு சிறு முட்கள்.

பள்ளத்தைத் தொட்டுப் பார்த்தேன். இன்னும் சூடு ஆறவில்லை.