நுரைச்சோலையில் காணாமல் போன முட்டைச் சக்கரம்

ஞாயிறு காலை 6.10. நுரைச்சோலை சைக்கிள் கழகக் கொட்டகையின் பூட்டு உடைபடவில்லை. உள்ளே ஆதிலாவின் சைக்கிளும் நின்றது. பெடலோடு சுற்றும் முட்டை வடிவப் பல்சக்கரம் மட்டும் அதில் இல்லை. அந்த இடத்தில் ஒரு பழைய வட்டச் சக்கரத்தை யாரோ பூட்டியிருந்தார்கள்.

எட்டு மணிக்குப் போட்டி. வெல்லும் பெண்ணுக்குத் தேசிய அணியில் இடம். ஒரே ஓர் இடம். அதற்காகத்தான் ஆதிலா கரைத்தீவிலிருந்து தினமும் கச்சான் காற்றை எதிர்த்து மிதித்துப் பழகியிருந்தாள்.

6.20. வீதிக் காவலுக்கு வந்த சார்ஜன்ட் றஜனி உள்ளே நுழைந்தபோது, பயிற்சியாளர் றொபின்சன் சைக்கிள் திருத்தும் ஃபஸ்லானின் சேட்டுக் கொலரைப் பிடித்திருந்தார்.

"இவன்தான் மிஸ்! பூட்டின்ர திறப்பு என்னட்டையும் இவனிட்டையும்தான் இருக்கு. ஜீப்பில ஏத்துங்கோ!"

"முதல்ல கையை எடுங்கோ."

எடுத்தார். ஐம்பது வயது ஃபஸ்லானுக்குக் கண் கலங்கியிருந்தது. றஜனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நேற்று கொட்டகையை எப்ப பூட்டினீங்கள்?"

"பின்னேரம் அஸர் தொழுதுட்டு வந்து பூட்டினன் மிஸ். அல்லாஹ் அறிய நான் தொடல்ல. அதை அந்தப் புள்ளைக்கு மாட்டிக் குடுத்ததே நான்தானே."

றஜனி ஆதிலாவைப் பார்த்தாள். "அந்தச் சக்கரத்தில என்ன விசேஷம்?"

"கால் உச்சியிலயும் அடியிலயும் நிக்கேக்க பலம் இருக்காது மிஸ். அந்த இடத்துல அது சிறுத்துக் குடுக்கும். அமத்தி மிதிக்கிற இடத்துல பெருக்கும். எங்கட மூத்த நானா கட்டார்ல இருந்து அனுப்பினது."

றொபின்சன் சிரித்தார். "ஓடத் தெரியாதவளுக்குச் சக்கரம் ஒரு சாட்டு."

அந்தச் சிரிப்பை றஜனி மறக்கவில்லை.

6.45. வெளியே றொபின்சனின் மகள் அல்பொன்சா சைக்கிளைத் தாங்கியில் நிறுத்தி மிதித்துக்கொண்டிருந்தாள். அவளும் இன்று ஓடுகிறவள். பெடலோடு சுற்றும் பல்சக்கரத்தை ஒரு புதுத் தகரமூடி மறைத்திருந்தது. பின்சில்லின் பல்சக்கரத்துக்குக் கீழே செயினை இறுக்கிப் பிடிக்கும் சின்னக் கை, பெடல் சுற்றச் சுற்ற முன்னும் பின்னும் அசைந்தது.

"மூடி எதுக்கு?"

"மணல் அள்ளிக் கொட்டுதே மிஸ். அப்பா ராத்திரிப் பூட்டினவர்."

"ஓட எப்படி இருக்கு?"

"காலுக்கு ஒரு மாதிரிப் புதுசா இருக்கு. எண்ணெய் போட்டதால எண்டு அப்பா சொன்னவர்."

7.05. றஜனி எல்லோரையும் கூப்பிட்டாள். ஆதிலாவின் சைக்கிளைத் தூக்கிப் பெடலைச் சுற்றினாள். பின்னாலிருந்த கை அசையவில்லை. அடுத்து அல்பொன்சாவின் சைக்கிள். ஒவ்வொரு சுற்றுக்கும் கை இரண்டு தரம் போய் வந்தது.

"வட்டம் எப்பிடித் திரும்பினாலும் எடுக்கிற செயின் ஒரே அளவு. கை சும்மா நிக்கும். முட்டைச் சக்கரம் நீளப் பக்கம் வரேக்க இழுக்கும், கட்டைப் பக்கம் வரேக்க விடும். முன்னால மூடினீங்கள் மாஸ்டர். பின்னால பாக்க மறந்திட்டீங்கள்."

ஃபஸ்லான் மூடியைக் கழற்றினார். உள்ளே முட்டைச் சக்கரம்.

"வெக்கமில்லையா? உங்கட களவுக்கு இந்த மனிசனையா ஜீப்பில ஏத்தச் சொன்னீங்கள்?" றஜனியின் குரல் வீதிவரை கேட்டது.

"என்ர பிள்ளைக்காகத்தான்..."

அல்பொன்சாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "எனக்காகவா? நான் என்ர காலால வெல்லமாட்டன் எண்டு நினைச்சுத்தானே செய்தனீங்கள்?"

அவள் ஃபஸ்லானிடம் திரும்பினாள். "ஃபஸ்லான் நானா, அவளின்ரையை அவளுக்குப் பூட்டுங்கோ. அவளின்ர சைக்கிள்ல கிடக்கிற பழைய வட்டம் என்ர. அதை எனக்குத் தாங்கோ."

7.55. ஆதிலாவும் அல்பொன்சாவும் கோட்டில் அருகருகே நின்றார்கள். ஜீப்பின் படியில் கால் வைத்த றொபின்சன் திரும்பிக் கெஞ்சினார்.

"பிள்ளை ஓடுறதை ஒருக்காப் பாத்திட்டு வாறன் மிஸ்."

றஜனி அல்பொன்சாவைப் பார்த்தாள். அவள் வீதியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"ஜீப்பில ஏத்துங்கோ மிஸ்."