கூடத்தில் கிடந்த நீலக் கம்பி

வீடே காலியாக இருந்த அந்த மாலையில்தான் இணையம் என்றுமில்லாத அளவுக்கு மெதுவாக ஊர்ந்தது. அந்தக் கூட்டுக்குடும்பத்தின் நான்கு குடும்பங்களும் ஒரே இணைப்பைப் பிய்த்துத் தின்னும் நாட்களில்கூட அது இப்படி மூச்சுத் திணறியதில்லை.

இன்னும் சற்று நேரத்தில் இளைய மருமகளுக்கு நேர்காணல். வேலை கிடைத்தால் அவளும் கணவனும் தனிவீடு போகலாம். கிடைக்காவிட்டால் அடுத்தவர் உலைக்கு அரிசி களைந்தே ஆயுள் கழியும்.

"எல்லாரையும் படத்துக்குத் தள்ளிட்டுப் போறேன். முழு நெட்டும் உனக்குத்தான், மகாராணி!" என்று கண்ணடித்துவிட்டுப் போயிருந்தாள் மூத்த ஓரகத்தி.

கெஞ்சிப் பெறுவதா உரிமை? மாமனாரின் அறைக்குள் சாமிபோல வீற்றிருந்த இணைய மோடத்தை, சண்டையிட்டே கூடத்தின் நடுவுக்குக் கொண்டுவந்து முக்காலியில் ஏற்றியிருந்தாள் இளையவள். தன் அறைக் கதவையும் அகலத் திறந்துவைத்தாள். என்ன பயன்? திரையில் வட்டம் சுழன்றது; சுழன்றுகொண்டே இருந்தது. பல்லைக் கடித்தபடி இணைப்புக்காரனை அழைத்தாள்.

"நடுவுல ஆளுங்க நிக்கிறாங்களாக்கா? மனுஷ உடம்பு பூரா தண்ணி, சிக்னலைக் குடிச்சிடும். கூட்டத்தைக் கொஞ்சம் நகரச் சொல்லுங்க."

"நான் ஒருத்திதான் இருக்கேன் தம்பி. யாரை நகரச் சொல்ல, செவுத்துல இருக்கிற பல்லியையா?"

பேயென்றும் பிசாசென்றும் பெண்ணை மூலையில் முடக்கிய பொய்களை எள்ளி நகைத்தே வளர்ந்தவள் அவள். அளந்து பார்ப்பதே அறிவு. கைபேசியை ஏந்தியபடி, ஈரத்துணி மக்கிய வாடை இலேசாகப் படர்ந்திருந்த கூடத்தில், தன் காலடி ஒலி மட்டும் சுவரில் மோதித் திரும்பிவர, மெல்ல நடந்தாள். முக்காலியருகே சிக்னல் கோடுகள் நிறைந்தன. தன் அறைப்பக்கம் திரும்பியதும் சட்டென விழுந்தன. ஓரமாக ஒதுங்கினால் மீண்டன. ஓர் ஆள் அகலத்துக்கு மட்டும் வெறுமை. அங்கே தூணில்லை, பீரோவில்லை.

மறுபடி வந்து அளந்தாள். வெறுமை அங்கே இல்லை. அவள் அறை வாசலுக்கு அருகே நகர்ந்திருந்தது.

"கம்பியை எப்படிக் குடிக்கும்னு பாக்குறேன்!"

பரணிலிருந்து பழைய நீல இணையக் கம்பியை இழுத்து, மோடத்திலிருந்து தன் அறையிலிருந்த கணினிவரை விரித்தாள். நெடுநாள் சுருண்டு கிடந்த கம்பி தரையில் படிய மறுத்து, வழிநெடுக வளைவு வளைவாக எழும்பி நின்றது. செருகியதும் படம் பளிச்சிட்டது. வென்றாயிற்று!

"வணக்கம்மா. நான் பேசுறது தெளிவா கேக்குதா?" என்றார் திரையில் தோன்றிய பெண் அதிகாரி.

"நல்லா கேக்குது மேடம்."

"அப்ப உங்களைப் பத்திச் சொல்லுங்க."

வாய் திறந்தாள். திரைக்கு மேலே, திறந்த வாசல் வழியே கூடம் தெரிந்தது. முக்காலியருகே இருந்த முதல் வளைவு தரையோடு தட்டையானது. மிதிபட்டதுபோல.

பிறகு அடுத்தது.

கதவைச் சாத்தலாம். குறுக்கே கம்பி. கம்பியைப் பிடுங்கலாம். வேலை போகும்.

"நான்... கணக்குத்துறையில..."

அடுத்த வளைவு. முன்னது நிமிர்ந்தது. மறுபடி அமுங்கியது. நிமிர்ந்தது. அமுங்கியது. ஒன்றன் பின் ஒன்றாக, முக்காலிவரை, எல்லா வளைவுகளும்.

ஒருவரல்ல.

ஈர வாடை. வாசற்படியில் ஒரு வளைவு அமுங்கியது. பிறகு மேசைக்காலருகே ஒன்று.

"ம்... மேலே சொல்லுங்கம்மா."

அவள் பாதத்தை ஒட்டி நின்ற கடைசி வளைவு மெல்ல, மெல்லத் தரையோடு அமுங்கியது. நிமிரவில்லை.